என்ன விசேஷம்? கில்ட் கேட்ட தபால்காரர்

ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை. நாலு நாளாக அடைமழை. துவைத்துப் போட்ட பேண்ட் ஒன்றுகூடக் காயவில்லை. அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது ஒரு வேட்டிதான். சரி, கட்டிக்கொண்டு போவோம் என்று வெள்ளைச் சட்டையோடு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். வாசலில் காவலாளி அண்ணன் கேட்டார்: "என்ன சார், வீட்ல விசேஷமா?" லிஃப்டில் கணக்குப் பிரிவு மேடம் கேட்டார்: "எந்தக் கோயில் சார்?" மேலாளர் கேட்கவே இல்லை. தோளைத் தட்டி "வாழ்த்துகள்" என்றார். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பேண்ட் காயவில்லை என்ற உண்மையை நான்கு பேரிடம் சொன்னேன். நான்கு பேரும் நம்பவில்லை.

நான் பணியாளர் பிரிவில் இருப்பவன். சீருடை, உடை விதி, அதை மீறியவரின் விளக்கக் கடிதம் என்று வருஷத்துக்கு நாலைந்து கோப்புகள் என் மேஜைக்கு வரும். உட்கார்ந்து படித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். மேலிடம் ஒரு விதி போடும், கீழே ஒருவர் முரண்டு பிடிப்பார், நடுவில் நாங்கள். அதனாலேயே, அந்த அச்சில் அடங்காத ஒரு நிகழ்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2008இல் அமெரிக்காவில் நடந்தது. அதில் மேலிடம் தடை போடவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை. ஒரு தபால்காரர் தன்னோடு வேலை செய்பவர்களிடம் ஓர் உடை கேட்டார். அவர்கள் தர மறுத்தார்கள். அவர் கேட்ட உடை கில்ட், ஸ்காட்லாந்து ஆண்கள் போடும், பாவாடை மாதிரியான மடிப்பு உடை.

லேசிக்காரர்

வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகரம் ஒலிம்பியா. அதை ஒட்டியே லேசி என்றொரு சின்ன நகரம். அங்கே வீடு வீடாகக் கடிதம் போடும் வேலை அவருக்கு. அந்த ஆண்டு செய்திகளில் அவர் பெயரும் படமும் வந்தன. நமக்குப் பெயர் வேண்டாம், லேசிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆறடி உயரம், 250 பவுண்டு எடை, நம் கணக்கில் சுமார் 113 கிலோ. முன்னோர்கள் பின்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்தவர்கள். ஸ்காட்லாந்து ரத்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை. இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய குறை எளிமையானது. தொடை கனத்தவர்களுக்கு அந்தக் குறையை விளக்கவே வேண்டியதில்லை. பேண்ட்டானாலும் அரைக்கால் சட்டையானாலும் நடக்க நடக்கத் தொடை இரண்டும் உரசும், வேர்வையில் எரியும், தோல் வழண்டு புண்ணாகும், புண் ஆறினாலும் வடு நிற்கும். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது சின்னத் தொல்லை. தபால்காரருக்கு அப்படியில்லை. அமெரிக்கத் தபால்காரரின் தோள்பையில் 35 பவுண்டு வரை, கிட்டத்தட்ட 16 கிலோ, ஏற்றலாம் என்பது விதி. அதைச் சுமந்துகொண்டு நாள் முழுக்கப் படி ஏறி இறங்க வேண்டும். கில்ட் போட்டால் இந்த உரசல் இல்லை, காற்றோட்டம் இருக்கிறது, ஆண் உடம்பின் அமைப்புக்கு அதுதான் தோது என்பது அவர் வாதம். இந்த வாதத்தை அவர் சுற்றி வளைக்காமல், உடலுறுப்பின் பெயரைச் சொல்லியே எழுதினார்.

அவர் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்களின் சீருடைப் பட்டியலில் கில்ட்டையும் ஒன்றாகச் சேருங்கள், வேண்டியவர்கள் போடட்டும், வேண்டாதவர்கள் பேண்ட்டிலேயே இருக்கட்டும். அவ்வளவுதான். கில்ட் என்ற பெயரே சிலருக்கு உறுத்தும் என்று நினைத்தாரோ என்னவோ, அதற்கு ஒரு கனமான பெயரையும் பயன்படுத்தினார்: கால் பிரியாத ஆணுடை. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'மக்' என்று வரும், காபிக் குவளை என்று பொருள். அலுவல் மொழியில் எழுதப்போய் அதுவே நகைச்சுவையில் முடிவது நம் ஊர்ச் சுற்றறிக்கைகளிலும் உண்டு.

அந்த ஆண்டு அமெரிக்க அரசு, பொருளாதாரத்தைத் தூக்கிவிட மக்களுக்கு ஊக்கத்தொகையைக் காசோலையாக அனுப்பியது. லேசிக்காரருக்கு வந்தது 1,800 டாலர். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்காமல், அந்தப் பணத்தில் ஏறக்குறைய ஆயிரம் கடிதங்கள் அனுப்பினார். தபால்காரர்களின் தொழிற்சங்கத்தின் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு கடிதம், கூடவே தபால் துறைக் கில்ட்டின் மாதிரியைத் தானே அணிந்து எடுத்துக்கொண்ட ஒரு படம். உங்கள் மனதையும், கூடவே கால்சட்டையின் உள்தையலையும் கொஞ்சம் பிரித்துவிடுங்கள் என்ற பொருளில் அதில் ஒரு கெஞ்சல் வரி இருந்தது. அந்த ஆயிரம் உறைகளையும் அந்தந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவருடைய சகாக்கள்தான். உள்ளே இருப்பது தங்கள் கால்சட்டையைப் பற்றிய சமாச்சாரம் என்று தெரியாமலே சுமந்திருப்பார்கள்.

2008 ஜூலையில் பாஸ்டனில் அந்தத் தொழிற்சங்கத்தின், அதாவது தேசியக் கடிதம் வழங்குநர் சங்கத்தின், மாநாடு கூடியது. சுமார் 2,20,000 உறுப்பினர்களைக் கொண்ட சங்கம், 1889இல் தொடங்கியது. அங்கே கில்ட் தீர்மானம் வந்தது, சுலபமாகத் தோற்றது. விடமாட்டேன், தொடர்ந்து போராடுவேன் என்றார் லேசிக்காரர். செய்தியாக வந்தது இவ்வளவுதான்.

யார் மறுத்தது?

யாரிடம் இந்த நிகழ்வைச் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, தபால் துறை ஏன் மறுத்தது என்பதுதான். துறை மறுக்கும் கட்டமே வரவில்லை. அங்கே சீருடை விஷயம் நிர்வாகமும் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் 26ஆவது பிரிவில் வருகிறது. இரு தரப்பும் சேர்ந்த குழுதான் புதிய உடுப்பைப் பரிசீலிக்கும். அந்தக் குழுவுக்குப் போகச் சங்கத்தின் ஆதரவு வேண்டும். கதவு அங்கேயே மூடிவிட்டது. மூடியவர்கள், அதே வெயிலில் அதே பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள்.

அவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்தச் சீருடைப் பட்டியலைப் பாருங்கள். ஆண்களுக்குப் பேண்ட் உண்டு, அரைக்கால் சட்டையும் உண்டு. பெண்களுக்கு அவற்றோடு பாவாடையும், பாவாடை போலத் தெரிகிற அகலக் கால்சட்டையும் உண்டு. அப்புறம், வெயிலுக்கு ஒரு தொப்பி. பழைய புகைப்படங்களில் வேட்டைக்குப் போகும் வெள்ளைக்கார துரைமார் புலியின் மேல் கால் வைத்து நிற்பார்களே, அவர்கள் தலையில் இருக்கும் சோலாத் தொப்பி, அதேதான். அமெரிக்கத் தபால்காரர் ஒருவர் அந்தத் தொப்பியோடு தெருவில் போனால் விதிப்படி சரி. அதைப் பார்த்துச் சிரிக்காத சங்கம் கில்ட்டைப் பார்த்துச் சிரித்தது என்றால், காரணம் விநோதமாக இருப்பது மட்டும் இல்லை. சோலாத் தொப்பியும் விநோதம்தான். ஆனால் அது கண்ணுக்குப் பழகிய விநோதம்.

இன்னொன்றும் உண்டு. சீருடையில் 'விருப்பப்பட்டவர் போடலாம்' என்று சொல்வது சொல்வதற்கு எளிது. நான் என் அலுவலகத்துக்கு வேட்டி கட்டிப் போனால் அது என் வேட்டி. தபால்காரர் ஒருவர் கில்ட்டில் போனால், தெரு அவரைத் தனி மனிதராகப் பார்க்காது. 'போஸ்ட்மேன் பாவாடை கட்டிக்கிட்டு வர்றான்' என்று முழுத் துறையையும் சேர்த்துப் பார்க்கும். பக்கத்துத் தெருவில் பேண்ட் போட்டுக்கொண்டு போகிறவரையும் கூப்பிட்டு, "உனக்கு எப்போ?" என்று கேட்கும். பாஸ்டன் மாநாட்டில் கை தூக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பதிவு எதையும் நான் காட்டப்போவதில்லை. இது என் ஊகம். ஆனால் சீருடைக் கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவனின் ஊகம்.

சரி, சங்கத்தை விட்டுவிட்டு நேராக நீதிமன்றத்துக்குப் போயிருந்தால்? பெண்ணுக்குப் பாவாடை உண்டு, எனக்கு இல்லை, இது பாலினப் பாகுபாடு என்று வாதிடலாம். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் தாராளம் காட்டியதில்லை. ரீனோ நகரத்தில் ஒரு சூதாட்ட விடுதியின் மதுக்கூடத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்த பெண், புதிய விதிப்படி முகப்பூச்சுப் போட மறுத்து வேலையை இழந்தார். 2006இல், மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதியின் பக்கமே தீர்ப்பளித்தது. இரு பாலருக்கும் வெவ்வேறு விதி இருக்கலாம், ஒரு பாலார்மேல் சுமை கூடுதலாக விழுந்தது என்று நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வாஷிங்டன் மாநிலமும் அதே வட்டத்தில்தான் வருகிறது. ஆக, லேசிக்காரர் சங்கத்தை நம்பியதில் தப்பில்லை.

வேலை உடுப்பாக இருந்த கில்ட்

கில்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பேக்பைப் வாசிக்கும் பட்டாளம், அல்லது ஸ்காட்லாந்துக்காரர் கல்யாணப் படம். இடுப்புக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகத் தைத்த கம்பளி, முழு அளவில் செய்தால் எட்டு கெஜத் துணி, ஏழு மீட்டருக்கும் மேல். முன்னால் தொங்கும் தோல்பை, முழங்கால் வரை காலுறை, காலுறைக்குள் செருகிய சின்னக் கத்தி. (அந்தக் கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக வைத்திருக்க பிரிட்டிஷ் சட்டம் இடம் தருகிறது. அலுவலக வாசலில் நிற்கும் காவலாளி அந்தச் சட்டத்தைப் படித்திருப்பாரா என்பது வேறு விஷயம்.) இந்தக் கோலத்தைப் பார்த்தால் இதைப் போட்டுக்கொண்டு யாராவது வேலை செய்வார்களா என்றுதான் தோன்றும்.

ஆனால் கதையே தலைகீழ். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் மலைநாட்டு ஆண்கள் முன்பு உடுத்தியது ஒரே நீளத் துணி. பாதியை இடுப்பில் கொசுவி வாரால் கட்டிக்கொண்டு, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரவில் அதுவே போர்வை. 1720களில் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த தாமஸ் ராலின்சன், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்காரர், இரும்பு உருக்கும் தொழிலுக்காக ஹைலண்டில் கிளென்கேரிப் பக்கம் வந்தார். உலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் அந்தத் துணி மூட்டை இடைஞ்சலாக இருப்பதைப் பார்த்து, மேல்பாதியை வெட்டிவிட்டுக் கீழ்பாதியை மட்டும் மடிப்பு வைத்துத் தைக்கச் செய்தார் என்று 1785இல் அச்சான ஒரு கடிதம் சொல்கிறது. ஓர் ஆங்கிலேயர் எங்கள் கில்ட்டைக் கண்டுபிடித்தாரா என்று பல ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைக் கேட்டுக் கொதிப்பார்கள். அதற்கு முன்பே குட்டைக் கில்ட் இருந்தது என்போரும் உண்டு. எது எப்படியானாலும், வேலைக்குத் தோதாக வெட்டிச் சுருக்கிய உடுப்பு என்ற அளவில் கதை பொருந்துகிறது.

1746இல் பிரிட்டிஷ் அரசு, ஸ்காட்லாந்தில் எழுந்த கலகத்தை அடக்கிய கையோடு, இந்த உடைக்கே தடை போட்டது. தடை 1747 ஆகஸ்ட் முதல் நடப்புக்கு வந்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். ஒரே ஒரு விலக்கு: மன்னரின் படையில் இருக்கும் அதிகாரிகளும் சிப்பாய்களும் போடலாம். 1782இல் தடை நீங்கும் வரை, ஸ்காட்லாந்து ஆண் ஒருவர் சட்டத்துக்குப் பயப்படாமல் கில்ட் போட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு வேலையில் சேர வேண்டியிருந்தது. 'வேலைக்குக் கில்ட் போடலாமா' என்ற கேள்விக்கு அப்போது பதில், 'வேலைக்கு மட்டும்தான் போடலாம்'.

பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பைத் திட்டமிட்டவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். மன்னரே கில்ட் போட்டு நின்றார், அடியில் இளஞ்சிவப்பு நிற இறுக்கமான காலாடை. அந்த விழாவோடு கில்ட் பெரிய மனிதர்களின் பகட்டு உடையாக ஏறிவிட்டது. ராணுவத்தில் மட்டும் வேலை உடுப்பாக நீடித்தது. முதல் உலகப் போரில் ஹைலண்ட் படைப்பிரிவுகள் பதுங்குகுழிச் சேற்றில் கில்ட்டோடு கிடந்தார்கள். மடிப்புக்குள் பேன் குடியேறியது, நனைந்த கம்பளி கனத்தது. இரண்டாம் போரின் தொடக்கத்தில் சண்டைக் களத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அணிவகுப்பும், கல்யாணமும், கவிஞர் பர்ன்ஸ் நினைவாக ஜனவரி 25 அன்று நடக்கும் இரவு விருந்தும்.

ஆக, வேலை உடுப்பாக இருந்தது விசேஷ உடுப்பாகிவிட்டது. அதை மறுபடி வேலைக்குப் போட்டு வந்தால் 'என்ன விசேஷம்' என்ற கேள்வி வராமல் என்ன செய்யும்? எடின்பரோவில் ஒரு வங்கி ஊழியர் நவம்பர் 30 அன்று, அவர்கள் நாட்டுத் திருநாளில், கில்ட்டில் போனால் பாராட்டுவார்கள். டிசம்பர் நாலாம் தேதி போனால் நிமிர்ந்து பார்ப்பார்கள். லேசிக்காரருக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடையாது. குலம் கேட்டால் பின்லாந்து, நார்வே. விழா கேட்டால் இல்லை. கொள்கையா என்றால் அதுவும் இல்லை. தொடை எரிகிறது. நான் சொன்ன காயாத பேண்ட் மாதிரிதான். உள்ளதிலேயே உண்மையான காரணம், யாரும் ஏற்றுக்கொள்ளாத காரணமும் அதுவே.

இதில் ஒரு வேடிக்கை. கில்ட் என்ற சொல்லின் வேரே ஸ்காண்டிநேவியப் பக்கம்தான். 'மடித்துச் செருகு' என்ற பொருளுள்ள வினைச்சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் வரப்பில் இறங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். நார்வே வம்சத்துக்காரர் ஒருவர் அந்தச் சொல்லுக்கு உரிமை கோரியிருக்கலாம். மாநாட்டில் அது எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலில் போட்டவர்கள்

2013 ஜூனில் ஸ்வீடனில் நடந்ததையும் 2017 ஜூனில் பிரான்ஸில் நடந்ததையும் லேசி நிகழ்வோடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே போகும் ரோஸ்லாக்ஸ்பனான் ரயில் பாதையை அந்த ஆண்டு அர்ரிவா நிறுவனம் எடுத்து நடத்தத் தொடங்கியது. புதிய சீருடை விதியில் அரைக்கால் சட்டை இல்லை. கோடையில் ஓட்டுநர் அறைக்குள் 35 டிகிரி வரை சூடு. ஆண் ஊழியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சீருடைப் பட்டியலைப் புரட்டினார்கள். பாவாடை இருந்தது. ஆண்கள் போடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். பயணிகள் முறைத்துப் பார்த்தார்கள், ஆனால் எதுவும் சொல்லவில்லை என்றார் அவர்களில் ஒருவர். ஆண்கள் பாவாடை போடக் கூடாது என்றால் அது பாகுபாடு ஆகிவிடும் என்று நிறுவனமும் சொல்லிவிட்டது. கொஞ்ச நாளில் அரைக்கால் சட்டைக்கு அனுமதி வந்தது.

பிரான்ஸின் நான்த் நகரத்துப் பேருந்து ஓட்டுநர்கள் கதையும் கிட்டத்தட்ட இதே. கடும் வெயில், அரைக்கால் சட்டைக்குத் தடை, பெண் ஓட்டுநர்களுக்குப் பாவாடை உண்டு. ஆண்கள் சிலர் பாவாடையில் வந்து நின்றார்கள். படம் உலகமெல்லாம் போனது. நிர்வாகம் இறங்கி வந்தது.

இரண்டிலும் சகாக்கள் எதிர்த்ததாக நான் படித்த செய்தி எதுவும் இல்லை. எனக்குத் தெரிவது இரண்டு காரணங்கள். ஒன்று, அவர்களுக்குப் பாவாடை தேவையில்லை. அரைக்கால் சட்டைதான் தேவை, பாவாடை வெறும் கோரிக்கை அட்டை. 'என்ன விசேஷம்' என்ற கேள்விக்கு அங்கே பதில் தயார்: போராட்டம். போராட்டத்துக்காக ஓர் ஆண் எதைப் போட்டாலும் உலகம் மன்னித்துவிடும், கையும் தட்டும். அந்த ஓட்டுநர்களில் ஒருவர், எனக்கு இதுவே வசதியாக இருக்கிறது, அனுமதி வந்த பிறகும் பாவாடையிலேயே வருகிறேன் என்று சொல்லியிருந்தால் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவர்கள் முதலில் போட்டார்கள், பிறகு பேசினார்கள். கூட வேலை செய்பவர்கள் கண்ணால் பார்த்தார்கள். முதல் நாள் சிரித்திருப்பார்கள். அடுத்த நாள் பார்த்தால் வண்டி நேரத்துக்கு வருகிறது, டிக்கெட் சரிபார்க்கப்படுகிறது, வானம் இடிந்து விழவில்லை. லேசிக்காரருக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. சீருடை வேலை என்பதால் முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் போட முடியும். பட்டியலில் இல்லாத புது உடுப்பு வேறு. துணி, நிறம், விலை, தைப்பவர் எல்லாம் முடிவாக வேண்டும். அதனால் ஆயிரம் கிளைகளுக்குப் போனது ஒரு புகைப்படம். புகைப்படத்தில் அவர் எப்போதும் முதல் நாள் கில்ட்டில்தான் நிற்கிறார். எல்லோருக்கும் சிரிப்பு வரும் அந்த முதல் நாளில் வாக்கெடுப்பு நடந்துவிட்டது. பத்தாம் நாள் என்று ஒன்று வரவே இல்லை.

அவர் உத்தியில் இன்னொரு கோளாறும் இருந்தது. கடிதத்தில் நகைச்சுவை. ஆயிரம் பேரில் ஒருவராவது படித்து முடிக்க வேண்டுமே என்று அதைச் சேர்த்திருப்பார், புரிகிறது. ஆனால் கேட்பவரே சிரித்துக்கொண்டு கேட்டால், மறுப்பவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம், மனசாட்சி உறுத்தாது. தொடைப் புண்ணையும், பாரத்தையும், நடக்கும் தூரத்தையும் பணியிடக் காயமாக எழுதி, மருத்துவச் சான்றோடு நாலு கிளைகளில் சோதனை ஓட்டம் மட்டும் கேட்டிருந்தால்? ஜெயித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. குறைந்தது, எதிர்ப்பவர்கள் ஒரு காரணமாவது சொல்ல வேண்டி வந்திருக்கும்.

சிரிப்பு எங்கே முடிகிறது

சிரிப்பு எல்லாம் வெகுளியானது என்று விட்டுவிட முடியாது. கில்ட் போட்ட ஆண் வேலைக்கு வந்தால் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி எல்லோருக்கும் தெரியும்: உள்ளே என்ன போட்டிருக்கிறாய்? ஸ்காட்லாந்தில் இது நூறு வருஷத்து நகைச்சுவை. 2017இல் இன்வர்னஸ் நகரத்தின் ஒரு மதுக்கூடத்தில் ஆண் ஊழியர்கள் கில்ட்டை விட்டுப் பேண்ட்டுக்கு மாறினார்கள். இரண்டு கையிலும் கண்ணாடிக் கோப்பைகளோடு கூட்டத்துக்குள் போகும்போது வாடிக்கையாளர்கள், பெரும்பாலும் குடித்திருந்த பெண்கள், கில்ட்டைத் தூக்கிப் பார்த்ததும் கை வைத்ததும்தான் காரணம். கில்ட்டின் சொந்த ஊரிலேயே கில்ட் வேலை உடுப்பாக நிற்க முடியவில்லை. பார்த்துச் சிரித்த சிரிப்பினால் அல்ல, தொட்ட கையினால்.

எங்கள் மாதிரிப் பணியாளர் பிரிவுகள் கவனிக்க வேண்டிய இடம் இது என்பேன். ஒரு பெண் ஊழியரின் பாவாடையை யாராவது தூக்கினால் அன்றைக்கே விசாரணை. ஆணின் கில்ட் என்றால் 'விளையாட்டுக்குச் செய்தாங்க'. பக்கத்து மேஜைக்காரர் தினமும் அதே கேள்வியைக் கேட்டால், மூன்றாம் தடவையே அது தொல்லை. உடுத்தியவரும் சிரிக்கிறாரே என்பது பதிலாகாது. அவர் வேறு என்னதான் செய்வார்?

நம் பக்கத்துக் கதவு

நம் ஊரில் இதற்கு நேர் இணையாக ஒன்று உண்டு என்பதால் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலையில் சென்னையில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியிருந்ததற்காக ஒரு கிரிக்கெட் மனமகிழ் மன்றம் உள்ளே விடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்தில் சட்டமன்றம் சட்டமே போட்டது. வேட்டிக்காகப் பொது இடத்தில் நுழைய விடாமல் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலும் ஆண்களுக்குப் பேண்ட்டோடு வேட்டியும் இடம்பெற்றது. லேசிக்காரருக்குக் கிடைக்காத எல்லாமே வேட்டிக்குக் கிடைத்திருக்கிறது: சட்டம், அரசாணை, பண்பாடு என்ற முத்திரை, எல்லாக் கட்சியின் ஆதரவு. இருந்தும் என் அலுவலக லிஃப்டில் 'எந்தக் கோயில்' என்றுதான் கேட்டார்கள்.

மழை விட்ட பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் வேட்டியை விடவில்லை. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் வசதியாக இருந்தது. இரண்டாவது வாரம் கேள்விகள் பாதியாகின. மூன்றாவது வாரம் கணக்குப் பிரிவு மேடம் என் வேட்டியைப் பார்க்காமலே ஒரு பில்லைப் பற்றி விசாரித்தார். ஐந்தாவது செவ்வாய்க்கிழமை ஏதோ அவசரத்தில் பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். காவலாளி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்ன சார், இன்னிக்கு ஏதாச்சும் விசேஷமா?"